துவாஸில் நான் பார்க்காத பருந்துகள்

ஸ்டெல்லா போய்விட்டாள். இன்று காலை, தூக்கத்திலேயே.

பூன் லேயில் அவள் தங்கை வீட்டு அடுக்குமாடி புளோக்கின் கீழே, திறந்த வாய்ட் டெக்கில் அவளை வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். மாலை போட்ட படத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜீப் கதவில் சாய்ந்து நிற்கிறாள். அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரே வார்டில் நர்ஸாக இருந்தோம். ஓமான் வேலைக்குச் சேர்ந்தே எழுதிப் போட்டோம். இரண்டு பேருக்கும் கிடைத்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது... அவள் மட்டும் விமானம் ஏறினாள்.

இத்தனைக்கும் முதல் டெஸ்டிலேயே கார் லைசென்ஸ் எடுத்தவள் நான். அவளுக்கு நாலாவது தடவை. அதுவும் டெஸ்டர் பாவம் பார்த்துக் கொடுத்திருப்பார்.

அவள் கடிதம் முழுக்கப் பாலைவனம். வெள்ளிக்கிழமையானால் நாலு நர்ஸுகள், ஒரு பழைய ஜீப், ரோடே இல்லாத மணல்மேடு. "இன்னிக்கு நான்தான்டி ஓட்டினேன். குளிர் ஆரம்பிச்சதும் வடக்கேர்ந்து கழுகு கூட்டங்கூட்டமா வருது. தலைக்கு மேலயே போகுது!"

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நிற்கும்போது அதைப் படிப்பேன். வயிறு எரியும். பாதிக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. கேட்டால், பிள்ளைக்கு அம்மை என்பேன். என் மகனுக்குக் கடிதத்தில் மட்டும் மூன்று தடவை அம்மை போட்டிருக்கிறது.

எண்பதுகளில் ஒரு தீபாவளிக்கு லீவில் வந்தாள். "எங்ககிட்டயும் மணல் இருக்கு லா, வா" என்று என் வீட்டுக்காரர் காரில் துவாஸுக்குக் கூட்டிப்போனேன். கடலைத் தூர்த்துப் போட்டிருந்த வெட்டவெளி. அவளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை... சக்கரம் புதைந்துவிட்டது.

"டயர்ல காத்தைக் கொஞ்சம் எறக்கு, வந்துடும்."

"உன் ஜீப் வித்தையெல்லாம் வேணாம். இது அவரு காரு."

தீபாவளிப் புடவையோடு கையால் மணலைப் பறித்தேன். அவள் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஒவ்வொரு டயராக உட்கார்ந்து காற்றை இறக்கினாள். மூன்றாவது டயரில்தான் கத்தினாள்.

"மேல பாருடி! பருந்து! எவ்வளவு வருது பாரு!"

கைப்பையிலிருந்து பைனாகுலரை எடுத்து நீட்டினாள். பார்த்தால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. வாங்கிக் கண்ணில் வைத்தேன். உள்ளே கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"தெரியுதா?"

"ம்... நெறைய."

அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். "அங்க ஒவ்வொரு தடவையும் நீ கூட இல்லையேன்னு இருக்கும்டி."

பிறகு அவளே ஓட்டினாள். கார் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

இன்று அவள் தங்கை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மாவோட துவாஸ்ல பருந்து பாத்தது நீங்கதானே ஆன்ட்டி? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதைத்தான் சொல்வாங்க. எப்படி இருந்துச்சு?"

பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். சொன்னேன். வானம் கொள்ளாமல் வந்தன, ஒன்றுகூட இறக்கை அடிக்கவில்லை, அப்படியே மிதந்து போயின...

எல்லாம் அவள் கடிதங்களில் படித்தது.

போயிட்டு வாடி ஸ்டெல்லா.