பரிசுப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம்

சென்ற சனிக்கிழமை மாலை, தேவராஜ அரசு சாலையை ஒட்டிய ஒரு புத்தகக் கடையில், எனக்குரிய பரிசை நானே தேடிக்கொண்டிருந்தேன்.

வியப்பாக இருக்கிறதா? எங்கள் கல்லூரியின் வழக்கம் அது. விவாதப் போட்டியில் வென்றவர் தமக்குப் பிடித்த புத்தகத்தைக் கடையில் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதை நேரே கல்லூரிக்கு அனுப்பிவிடுவார். அட்டையில் வென்றவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து, முதல்வர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பிறகு கல்லூரி விழா... மேடை... கைதட்டல்... அப்போதுதான் புத்தகம் கைக்கு வரும்.

மேடை என் காதல். வேதியியல் என் முதுகலைப் படிப்பு. ஆகவே வேதிப் பிணைப்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற பழைய நூலைத்தான் மனம் நாடியது. எங்கள் துறை நூலகத்தில் ஒரு பிரதி உண்டு. ஆனால், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கும் அத்தியாயத்தை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் பிளேடால் அறுத்துக்கொண்டு போய்விட்டான்!

கடையில் இருந்ததும் ஒரே பிரதி. கையை நீட்டினேன். அது ஏற்கெனவே இன்னொரு கையில் இருந்தது.

செல்வி. என் வகுப்புத் தோழி, கன்னட எல்லையோரத்து ஹனூர்க்காரி; பேச்சும் அந்த ஊர்த் தமிழ்தான். நின்றபடியே அதிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவருடைய செமினார். தலைப்பு? அறுபட்ட அதே அத்தியாயம்.

"ஏனுங்க பேச்சாளரே, பரிசுக்கு இதேதானா?"

"இதேதான். இன்னைக்குள்ள சொல்லியாகணும்."

விடுவேனா? வாதத்தைத் தொடங்கினேன். இது செவ்வியல் நூல். வெற்றிக்குத் தகுந்த நூல். என்றென்றும் நிற்கும் நூல்... மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பேசி, உரிய இடத்தில் குரலை இறக்கி முடித்தேன். செல்வி பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசறீங்க. ஆனா இதெயக் கொண்டுபோயி அலமாரில வெச்சுப் பூட்டிப்போடுவாங்கல்லொ? விழா வரைக்கும் நீங்களும் படிக்க முடியாது, நானும் படிக்க முடியாது. அலமாரி மட்டும் படிக்கும்."

ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்காரர் புத்தகத்தை வெளியே விடமாட்டார், போனில் படம் பிடிக்கவும் விடமாட்டார். கடை மூடவும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சரி, நான் வாசிக்கிறேன். நீங்க எழுதுங்க. பாத்துப் பாத்து எழுதுறதவிட வேகமா முடியும்."

"மைக்கு இல்லாம முடியுங்களா உங்களுக்கு?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. "ஓத்கொள்ளி ஸார், மளெ பேரெ பர்தா இதெ" என்று கன்னடத்தில் சொல்லி, ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார் கடைக்காரர். மழையும் வருகிறது, படியுங்கள் என்ற அனுமதி அது.

வாசித்தேன். வெகு தொலைவில் இரண்டு அணுக்கள். ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. மெல்ல நெருங்குகின்றன... ஆற்றல் தாழ்கிறது... எந்த எலக்ட்ரான் எந்த அணுவினுடையது என்று சொல்ல முடியாத ஒரு மேகம், இரண்டுக்கும் நடுவே கவிகிறது. கண்ணாடிக்கு அப்பால் சாலை விளக்குகள் மழையில் கரைந்துகொண்டிருந்தன. விளக்கு எங்கே முடிகிறது, மழை எங்கே தொடங்குகிறது? என் குரல் எனக்கே அந்நியமாக, வெகு மென்மையாகக் கேட்டது. எதிரணி இல்லை, நேரம் முடிந்ததென்று சொல்லும் மணி இல்லை.

அப்போதுதான் அந்தப் பத்தி வந்தது. இவ்வளவு அழகாகக் கட்டிய விளக்கத்தின் முடிவில், கணக்கிட்டுப் பெற்ற பிணைப்பு வலிமை சோதனையில் கண்டதைவிடக் குறைவு என்று நூலே சொல்லிவிடுகிறது. யாரும் கேட்கவில்லை, தானாகவே சொல்கிறது. சொல்லிவிட்டு, ஒரு திருத்தம் சேர்த்து உண்மைக்குச் சற்று நெருங்குகிறது. மீண்டும் போதவில்லை என்கிறது. மீண்டும் நெருங்குகிறது.

நான் நிறுத்திவிட்டேன். தன் வாதத்தின் ஓட்டையைத் தானே காட்டிவிட்டு, அதன் பிறகும் வெல்கின்ற ஒரு பேச்சாளரை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"அந்தப் பத்திய இன்னொரு வாட்டி வாசிக்கட்டுமா?"

"எழுதிட்டேன்ங்க."

"எனக்காக."

செல்வி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். மழை விடும்போது அத்தியாயமும் முடிந்திருந்தது. பரிசு இதுதான் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை. செமினாரின் நடுவே பேராசிரியர் குறுக்கிட்டார்: "இந்த விளக்கம் முழுமையானதா?" நானாக இருந்தால் ஆமென்று சாதித்து, மேசையையும் தட்டியிருப்பேன். செல்வி தயங்கவேயில்லை. போதாது என்றார், எவ்வளவு போதாது என்று கரும்பலகையில் வரைந்தும் காட்டினார். பேராசிரியர் தலையசைத்து அமர்ந்தார்.

என் பெயரைப் பொன்னெழுத்தில் தாங்கிய நூல் இப்போது முதல்வர் அறையில் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓர் அத்தியாயம் மட்டும் வெளியே, பெண்கள் விடுதியில், ஹனூர்த் தமிழில் உலவிக்கொண்டிருக்கிறதாம்.