இடது பக்கம் நின்ற குரல்

நான் சவுண்டு வேலை பார்க்கிறவன். அதனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், ஏனென்றால் விசித்திரமான சத்தங்கள் எங்களுக்கு அன்றாடச் சங்கதி. எர்த் சரியில்லாத ஒயர் உறுமும், ஃபிரிட்ஜ் மோட்டார் மைக்கில் முனகும். ஒருமுறை பாட வந்த ஒருவர் ஹெட்போனில் யாரோ பெருமூச்சு விடுவது கேட்கிறது என்று வெளியே ஓடிவிட்டார், போய்ப் பார்த்தால் ஜன்னல் ஏசிக்குப் பின்னால் புறா. எல்லாவற்றுக்கும் ஒரு ஒயரோ புறாவோ இருக்கும் என்பதுதான் என் கட்சி. இப்போதும் அதே கட்சியில்தான் இருக்கிறேன், ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் புறா கிடைக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. கோயில் திருவிழாப் பாட்டு, கல்யாண வாழ்த்து, குறும்படம் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணாமலை நகரிலிருந்து தணிகாசலம் என்று ஒரு பெரியவர், ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மனைவியோடு பாட்டு ரெக்கார்டு பண்ண வந்தார். அந்தம்மா பேர் வசந்தா. சொந்தக்காரர்கள் கல்யாணம் எதுவானாலும் இவர்கள் இருவரும் தாங்களே கட்டிய ஒரு வாழ்த்துப் பாட்டை மேடையேறிப் பாடுவார்களாம். அந்தம்மா ஒரு வரி, இவர் ஒரு வரி. என் பாடும் அறையில் ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்பதால் முதலில் அந்தம்மாவையும் அப்புறம் இவரையும் தனித்தனியாக எடுத்தேன். இவர் பாடும்போது ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக்கொண்டு இடது பக்கத்தைக் கழுத்தில் தள்ளிவிட்டுக்கொண்டார். நிறையப் பாடகர்கள் அப்படிச் செய்வார்கள், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்தம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பாட்டு பாதியிலேயே என் டிஸ்க்கில் கிடந்தது. இந்த வருடம் ஆடி கழிந்ததும் பெரியவர் போன் பண்ணினார். அந்தம்மா போய்ச் சேர்ந்து வருடம் ஆகப்போகிறது, திவசத்துக்கு முன்னால் அந்தப் பாட்டை முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். செல்போனில் இருக்கிற கல்யாண வீடியோக்களில் மேளச் சத்தம்தான் கேட்கிறதாம், அவர் மனைவியின் குரல் எதிலும் உருப்படியாக இல்லையாம். கடைசியாக ஒன்று சொன்னார், அதை மட்டும் அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"ரொம்பப் பெருசா மியூசிக் எல்லாம் வேணாம் தம்பி. அவ என் பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருந்தா போதும்."

சரி ஐயா, முடித்துத் தருகிறேன் என்றேன். அட்டைப் படத்துக்கு என்று மகள் சுமதியிடம் சொல்லி ஒரு பழைய கல்யாண போட்டோவையும் வாட்ஸப்பில் அனுப்ப வைத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் மேலே புரியும். ஹெட்போனுக்கு இடது, வலது என்று இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா, மிக்சிங் செய்யும்போது ஒவ்வொரு குரலும் எந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். இதற்குப் பேனிங் என்று பேர். ஸ்கிரீனில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதை இடது பக்கம் திருப்பினால் குரல் இடது காதுக்குப் போகும், வலது பக்கம் திருப்பினால் வலது காதுக்கு. அவ்வளவுதான் வித்தை. பாடுகிறவர் குரலைச் சாதாரணமாக நட்டநடுவில்தான் வைப்போம். ஆனால் பக்கத்தில் நிற்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டாரே, அதனால் அவர் குரலை நடுவில் விட்டுவிட்டு, போட்டோவைப் பார்த்தேன். அதில் அந்தம்மா வலது பக்கம் நின்றிருந்தார். குரலையும் வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடக் கீழே போனேன்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினால் அந்தம்மா இடது காதில் பாடுகிறார். ஸ்கிரீனைப் பார்த்தால் வட்டம் இடது கடைசியில் நிற்கிறது. கை தவறிப் பட்டிருக்கும் என்று மறுபடி வலது பக்கம் வைத்தேன், சேவ் பண்ணினேன், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணினேன். மறுநாள் காலையில் திறந்தால் மறுபடி இடது பக்கம்.

எனக்குப் பயம் எல்லாம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் குஷியாகிவிட்டது. கண்டுபிடிக்க வேண்டிய கோளாறு ஒன்று கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மவுஸை மாற்றினேன், கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன், நெட்டை நிறுத்தினேன். தானாக நகரும்படி சாஃப்ட்வேரிலேயே சில சமயம் எழுதி வைப்போம், அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், ஒரு புள்ளி கூட இல்லை. பக்கத்தில் தபேலா ட்ராக் ஒன்று இருந்தது, அதையும் வலது பக்கம் வைத்துப் பார்த்தேன். தபேலா வைத்த இடத்திலேயே சமர்த்தாக இருந்தது, அந்தம்மா மட்டும் நான் அறையை விட்டு நகர்ந்தால் இடது பக்கம் போய்விடுகிறார்.

கடைசியில் என் மனைவி கவிதாவை மாடிக்குக் கூப்பிட்டேன். முருங்கைக்கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே இந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிரு, கண்ணை எடுக்காதே என்று உட்கார வைத்துவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். கீழே குக்கர் விசில் அடித்ததாம், ஒரே ஒரு நொடி வாசல் பக்கம் திரும்பினாளாம், அதற்குள் வட்டம் இடம் மாறியிருந்ததாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அலட்டிக்கொள்ளாமல் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள், ஆமாம் இடது பக்கம்தான் என்றாள், இந்தம்மாவை ஏன் வலது பக்கம் தள்ளுகிறாய் என்று கேட்டாள். நான் போட்டோவைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அது எனக்குப் பழக்கம்.

"ஏன் மாமா, போட்டோவ நீ எதிர்ல நின்னு பாக்குற, அதான் உனக்கு வலது பக்கம். அவுரு அந்தம்மா பக்கத்துலல்ல நிக்குறாரு, அவுருக்கு அது இடது பக்கம். தாலி கட்டுற வரைக்கும் பொண்ணு வலது பக்கம், தாலி ஏறுனதும் இடது பக்கம் மாத்தி உக்கார வைப்பாங்களே, உன் கல்யாணத்துல நீ எங்க இருந்த?"

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு இது. எதை மிக்ஸ் பண்ணினாலும் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவன் காதுக்குத்தான் பண்ணுவோம், மேடையில் நிற்கிறவன் காதை யோசிக்கவே மாட்டோம். பெரியவர் கேட்டது மேடையில் நிற்கிறவர் காதுக்கான பாட்டு. அந்தம்மா இடதுதான் என்றால் இடதுதான், எனக்கென்ன. வட்டத்தை அங்கேயே விட்டு வேலையை முடித்தேன். அதற்கப்புறம் நான் கீழே போனாலும் வந்தாலும் அது அசையவில்லை.

திவசத்துக்கு முன்தினம் காலையில் லேப்டாப், ஹெட்போன், பாட்டை ஏற்றிய பென் டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். அண்ணாமலை நகர் வீட்டில் பெரியவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஹாலில் காத்திருந்தார். பாட்டு கேட்பதற்கு அப்படித் தயாராக உட்கார்ந்திருந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் லேப்டாப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சுமதி காபி கலந்துகொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் நான் பேனிங் கதையைப் பெருமையாகச் சொன்னேன், அம்மாவை அப்பாவுக்கு இடது பக்கம் நிறுத்தியிருக்கிறேன் என்று. அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ அண்ணா, அப்பாவுக்கு இடது காது சுத்தமா கேக்காது."

கோயில் திருவிழாவில் பக்கத்திலேயே வெடித்த வேட்டில் போன காதாம். டாக்டர்கள் பார்த்து ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு மேடையில் வலது பக்கமாவது வந்து நில்லும்மா என்று சுமதி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாளாம், அந்தம்மா அசைந்து கொடுக்கவே இல்லையாம்.

"தாலி கட்டுனப்ப இந்தப் பக்கம் வந்தேன், இனிமே மாற மாட்டேன்னுடுவாங்க. அப்பா வேற, அவ குரல் மட்டும் எனக்கு அந்தக் காதுல கேக்குதுன்னுவாரு. அம்மா மனசு நோகக்கூடாதுன்னு சும்மா சொல்றாருன்னு நாங்க சிரிப்போம்."

இந்த மனுஷன் ஒரு வருடமாகக் காத்திருந்தது இந்தக் குரலுக்காக, நான் அதைக் கொண்டுபோய்ச் செத்த காதில் வைத்திருக்கிறேன். நடுவில் கொண்டுவந்து வைத்துவிடலாம், ஒரு நிமிட வேலை என்று ஹாலுக்கு ஓடினேன். அதற்குள் அவரே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டிருந்தார். மாற்றி மாட்டியிருப்பார் என்று ஒரு நப்பாசை, ஆனால் என் ஹெட்போனுக்கு ஒயர் இடது பக்கத்திலிருந்துதான் தொங்கும், அது அவர் இடது தோளில்தான் தொங்கியது. சரியாகத்தான் மாட்டியிருந்தார்.

பாட்டு அந்தம்மாவின் வரியில்தான் ஆரம்பிக்கும். அந்த வரியில் சுருதியைத் தவிர வேறு சத்தமே கிடையாது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அந்தம்மா சங்கதி போட்டு இழுக்கிற இடத்தில் தலை சரியாக ஆடியது, அவர் முறை வந்ததும் வாய்க்குள் பாடினார், அந்தம்மா வரி வந்ததும் நிறுத்தினார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அச்சு அசல் பக்கத்தில் நின்ற மாதிரியே இருக்கிறது தம்பி என்று சொல்லி இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

வேறு யாராவது என்றால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. பாட்டு மனப்பாடம், அதனால் தாளம் போட்டிருப்பார் என்று மனசு வாதாடியது. சவுண்டு சரிபார்க்கிறேன் ஐயா, கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லி, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். முதலில் தபேலாவை மட்டும் இடது பக்கம் முழுசாக வைத்து ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லையே என்றார். சத்தத்தைக் கூட்டினேன், எனக்கே வெளியே கேட்டது, அவர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்து மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தம்மாவின் குரலை மட்டும் இடது பக்கத்தில் பாட்டின் நடுவிலிருந்து விட்டேன். உடனே முகம் மலர்ந்து, விட்ட இடத்திலிருந்தே கூடவே முணுமுணுத்தார். எந்த இடத்தில் ஆரம்பிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது என் கை தானாக வட்டத்துக்குப் போனது. பாட்டு ஓட ஓட, அந்தம்மாவை வலது பக்கம் கொண்டுபோனேன். நல்ல காது, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்த காது. ஹெட்போனின் வலது பக்கத்திலிருந்து அந்தம்மாவின் குரல் கசிந்து எனக்கே மெலிசாகக் கேட்டது. பெரியவர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க தம்பி போயிட்டா?"

அழுகிற குரலில்லை அது. இதுவரைக்கும் இங்கேதானே இருந்தாள், அடுக்களைப் பக்கம் போய்விட்டாளா என்று கேட்கிற குரல். வாசற்படியில் நின்றிருந்த சுமதி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வட்டத்தை இடது பக்கம் திருப்பினேன். "ஆங்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. கேட்கிற டாக்டர் நண்பர்கள் எல்லாம் மண்டை எலும்பு வழியாகச் சத்தம் போகும், மூளை இட்டுக்கட்டிக்கொள்ளும் என்று விளக்குகிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் தபேலா ஏன் போகவில்லை, வலது காதில் ஏன் கேட்கவில்லை என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். சுமதி அவ்வப்போது போன் பண்ணுவாள். அப்பா தினமும் சாயங்காலம் கேட்கிறாராம், இப்போதெல்லாம் நாங்கள் சிரிப்பதில்லை அண்ணா என்றாள்.

அந்தப் பாட்டு என் டிஸ்க்கில் இன்னும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய அன்றே அதைத் திறந்து, வேண்டுமென்றே அந்தம்மாவின் குரலை வலது பக்கம் வைத்துவிட்டுக் கீழே போனேன். வந்து பார்த்தால் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது வைத்துப் பார்க்கிறேன், நேற்றுகூடப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கிறது, தபேலா மாதிரி. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் கவிதா, இடம் மாறிச்சா மாமா என்று கேட்பாள். இல்லை என்பேன். அப்போ அந்தம்மா இங்க இல்ல, அவுரு வூட்டுக்கே போயிட்டாங்க என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்வாள்.