குளிர்க் கட்டிக்கு ஒரு சிவப்புச் சால்வை

போன வருஷம், கிறிஸ்துமஸுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது நடந்தது. மலேசியாவில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் தேவாலயத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பது நான்தான். என் குரல் அணைக்கட்டு வரை கேட்கும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஒரு நாள் பாட்டுப் பயிற்சியில், எதிரே நின்ற தோழி என் கழுத்தையே பார்த்தாள். எச்சில் விழுங்கச் சொன்னாள். கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி ஏறி இறங்கியதாம்.

மலைக்குக் கீழே, ஈப்போ நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டில் ஒரே ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்தவர் அதை 'கோல்டு' கட்டி என்றார். என் வீட்டுக்காரருக்கு அது போதாதா?

"எல்லாம் இந்த மலைக் குளிரு செஞ்ச வேலைலா!" என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். இஞ்சிக் கஷாயம் வந்தது, தைலம் வந்தது. ஐஸைச் சீவிப் பாகு ஊற்றும் ஐஸ் கச்சாங் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. எதிர்வீட்டு அக்கா, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கம்பளி நூல் வாங்கி, சிவப்புச் சால்வையே பின்னிக் கொடுத்தார்.

அடுத்த தடவை, ஈப்போ வெயிலில் அந்தச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வியர்த்துக் கொட்ட டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். தமிழ்ப் பெண்தான். ஏன் இந்தக் கோலம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பெருமையாக விளக்கினார். டாக்டர் அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தே விட்டார்.

"ஸ்கேனுக்குக் கொடுத்த மருந்தை அந்தக் கட்டி இழுக்கல அங்கிள். அதத்தான் கோல்டுன்னு சொல்வோம். குளிருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லலா."

நாங்களும் சிரித்தோம். ஆனால் இப்படிப்பட்ட கட்டி சிலருக்குப் புற்றுநோயாக இருக்கலாம் என்றதும் சிரிப்பு நின்றுபோனது. கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தும் தெளிவாகத் தெரியவில்லை. கட்டி இருக்கும் பாதித் தைராய்டை எடுத்துவிடலாம் என்றார். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பார்த்துத்தான் செய்வோம் என்றும் சொன்னார். நோயைவிட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பாட்டுப் போய்விட்டால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, ஏர்கோன் குளிரில் பல் தந்தியடித்தது. தள்ளுகட்டிலில் வெளியே கொண்டுவரும்போது, "ஐயோ, குளிருது! என் சால்வ எங்க?" என்று கத்தினேனாம். கரகரப்புதான், ஆனாலும் என் குரல். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சிரித்தாராம்.

கட்டியில் புற்றுநோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நானே பாட்டை எடுத்துக் கொடுத்தேன், கழுத்தில் சிவப்புச் சால்வையோடு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"பாத்தியா, என் சால்வதான் ஒன்னயக் காப்பாத்துச்சு" என்று அக்கா இப்போதும் சொல்வார். டாக்டர் சொன்னதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சும்மா தலையாட்டுகிறேன், அவர் சொல்வதில் பொய் இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.