பூர்ணிமா எழுதாத கட்டுரை

மாணவிகள் கொண்டுவந்து வைக்கும் ஆய்வேட்டைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார் பூர்ணிமா. அட்டையில் தங்க எழுத்து மின்னினாலும் உள்ளே வண்ணப் படங்கள் இருந்தாலும் அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. மேற்கோள் பட்டியலில் ஆட்காட்டி விரலை வைத்து வரிவரியாக இறங்குவார். விரல் எங்காவது நின்றால் எதிரே நிற்கும் பெண்ணை நிமிர்ந்து பார்ப்பார். "இது எங்கேருந்து வந்துச்சு? நீ கண்ணால பாத்தியா?"

ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியர். காதோரம் நரை, தோளில் எப்போதும் கனக்கும் ஒரு துணிப்பை. வீட்டிலும் இதே கேள்விதான். சர்க்கரைக்கு ஆவாரம்பூ நல்லது என்று எதிர்வீட்டு அம்மா ஒருநாள் சொல்லப்போக, "யாரு சொன்னது? எதுல போட்டிருக்கு?" என்று பிடித்துக்கொண்டார். அந்த அம்மா அதற்கப்புறம் உடம்பைப் பற்றியே பேசுவதில்லை. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் கணவர் கோவிந்தராஜ், சட்னியில் உப்பு கம்மி என்று சொல்லக்கூட யோசிப்பார். "அதுக்கும் ஆதாரம் கேப்பா சார், ஒரே பேஜாரு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பெருமைதான் ஜாஸ்தி.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் லுப்னாவின் ஆய்வேட்டைத் திருப்பினார். அவள் ஊரான நாவலேரியின் தவளைகளைப் பற்றியது. விரல் பாதியில் நின்றது. 'பூர்ணிமா, 2011. நாவலேரியில் தவளைகளின் குரல்.' இனிஷியல் உட்பட அவர் பெயரேதான். அப்படி ஒரு கட்டுரையை அவர் எழுதியதே இல்லை.

"அல்லா சத்தியமா நான் இட்டுக்கட்டல மேடம்" என்றாள் லுப்னா, அழாத குறையாக. "ஏஐகிட்ட கேட்டேன், குடுத்துச்சு. நெட்ல பாத்தா வேற பேப்பர்லயும் இருக்குது. நம்ம மேடமுதாச்சேன்னு சந்தோஷமா போட்டேன்."

இருக்கத்தான் செய்தது. ஒரு கட்டுரை இன்னொன்றைக் கைகாட்டியது, அது மற்றொன்றைக் காட்டியது. எல்லாரும் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள், ஒருவரும் படித்திருக்கவில்லை. தலைப்பைச் சொடுக்கினால் எதுவும் திறக்காது. பத்திரிகை மட்டும் நிஜம். அந்த இதழை வேலூரில் ஒரு நூலகத்தில் தேடிப் பிடித்தார். குறிப்பிட்ட பக்கங்களில் யாரோ பட்டுப்புழுவைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் லுப்னாவைத் திட்டிவிட்டு மறந்திருப்பார். ஆனால் ஒரு கட்டுரையில், 'மதகின் மேல் அமர்ந்து, மழைக்குப் பின் பதிவு செய்யப்பட்டது' என்று அந்த இல்லாத ஆய்வை விவரித்திருந்தார்கள். பூர்ணிமா அந்த வரியைத் திரும்பவும் படித்தார். அதே 2011 மழைக்காலத்தில் அவர் நிஜமாகவே நாவலேரி மதகில் உட்கார்ந்து தவளைக் குரலைப் பதிவு செய்தவர். தன் குரலே தனக்குக் கேட்காத அளவுக்கு அவை கத்திய காலம். பிறகு கல்யாணம், கைப்பிள்ளை. பதிவுக் கருவி கெட்டது, ஆய்வும் நின்றது. ஒரு வரிகூட எழுதவில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. அவர் எழுதாமல் விட்டதை எதுவோ எழுதி முடித்து, கீழே அவர் பெயரையும் போட்டு வைத்திருந்தது.

முடிவுரையும் அதுவே சொல்லிவிட்டது: தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் தவளைகளுக்குக் கேடில்லை. ஏரியில் இன்னும் கழிவுநீர் விட அனுமதி கேட்ட ஒரு தொழிற்சாலை, அந்த வரியைத் தன் அறிக்கையில் எடுத்துப் போட்டிருந்தது. ஊர்மக்களைக் கூட்டி விசாரணை நடக்கப்போகிறது. "எங்க போர்ல இப்பவே மஞ்சளா வருது மேடம். இன்னும் வுட்டாங்கன்னா நாங்க இன்னாத்த குடிக்கிறது?" என்றாள் லுப்னா.

விசாரணை நடத்தும் அதிகாரியைப் பூர்ணிமா போய்ப் பார்த்தார். மரியாதையான மனிதர், டீ வரவழைத்தார். "உங்க பேர்ல நெட்ல இருக்குது மேடம். இத்தினி பேர் எடுத்துப் போட்டிருக்காங்க. நீங்க எழுதலன்னு எதுல போட்டிருக்கு?"

காலமெல்லாம் பிறரைக் கேட்ட கேள்வி. "ஏரியில இப்ப தவளையே இல்லன்னு ஊர்ல சொல்றாங்க சார்" என்றார் பூர்ணிமா.

"தவளை இல்லன்னா புதுசா பதிவு எடுத்துக் குடுங்க. விசாரணைல வைக்கிறேன்" என்றார் அதிகாரி.

முதல் பெருமழை விட்ட மாலையில் லுப்னாவை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். அன்றைக்குக் கத்தாத தவளை அப்புறம் கத்தவே கத்தாது. தண்ணீர் நீலம் பாரித்துக் கிடந்தது. கரையில் நுரை, பச்சைத்தோல் வாடை. கொக்கு இல்லை, தும்பி இல்லை, கொசுகூட இல்லை. மதகின் மேல் ஏறும்போது, அங்கே ஏற்கெனவே தன் பெயரில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது போலவும் அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்காரப்போவது போலவும் தோன்றியது. பூர்ணிமாவுக்குப் பயமாகத்தான் இருந்தது.

பதிவு எடுக்குமுன் பேரும் இடமும் சொல்வது அவர் வழக்கம். "பூர்ணிமா. நாவலேரி மதகு. மழைக்குப் பின்." தன் குரல் தண்ணீர்மேல் போய், எதிர்க்கரையில் பட்டுத் துல்லியமாகத் திரும்பி வந்ததைக் கேட்டார். பிறகு போனைப் பிடித்தபடி கையை நீட்டினார்.

வெளிச்சம் மங்கியது. அந்தப் பரந்த நீரில் ஒரு சத்தமில்லை.

"போதும் மேடம்" என்றாள் லுப்னா, மெல்ல. "ஒண்ணுமே கேக்கல. இதான நமக்கு வேணும்?"

பூர்ணிமா தலையாட்டினார். வலியெடுத்த வலக்கையிலிருந்து போனை இடக்கைக்கு மாற்றி, குனிந்து, தண்ணீருக்கு இன்னும் கிட்டே நீட்டினார்.