சொல்லாமல் வந்த வீடு

இந்த நாட்டில் ஒரு வீட்டை விட்டு லேசில் கிளம்பிவிட முடியாது. சோபாவை விட்டு எழும்போது ஒரு 'குட்பாய்', சப்பாத்து மாட்டும்போது ஒரு 'பாய்', லிஃப்ட் கதவு மூடும்வரை இன்னொரு 'பாய்'. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கும் நன்றி சொல்லவேண்டும். இலங்கையில், மாத்தளை பஸ்ஸில் நான் அப்படிச் சொல்லியிருந்தால், டிக்கெட் எடுத்தேனா என்று கண்டக்டர் சந்தேகப்பட்டிருப்பார். டொரொன்டோவுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. இதையெல்லாம் பழகிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரி மர்லீன் ஜமேக்காவிலிருந்து வந்தவள். போன வசந்தத்தில் அவளுடைய மகன் டேவனை, எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கார் பார்க்கில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். அவனுக்கு வயது பத்தொன்பது. வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டிருக்கிறார்கள் என்று பிறகு பொலிஸ் சொன்னது. அதற்கு முன்பே, பையனுக்குக் கெட்ட சகவாசம் என்று லிஃப்டில் குசுகுசுப்பு தொடங்கிவிட்டது. நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்து எடுத்துப் போனேன். ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். எல்லாவற்றையும் முறைப்படி செய்த திருப்தி எனக்கு. அடுத்த வாரம் கழுவிய சட்டி ஒரு பையில் என் கதவுப்பிடியில் தொங்கியது. லிஃப்டில் மர்லீன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முறையை நான் படித்தது என் பதினோராவது வயதில். மாத்தளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளருக்கான வரிசைவீடு. அப்பா நாவுலைப் பக்கம் வயல் அறுப்புக்குப் போயிருந்தார். காட்டுப்பன்றிக்காக யாரோ வரப்போரம் துவக்கைக் கட்டி, பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்திருந்தார்கள். அப்பாவின் கால் அந்தக் கம்பியில் பட்டதும் துப்பாக்கி வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டார். பதினாறு நாள் எங்கள் அடுப்பை மூட்ட லயத்துச் சனம் விடவில்லை. முறை வைத்துக்கொண்டு சோறு கொண்டுவந்தார்கள். நாவுலையிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் பலாக்காயும் அரிசியும் சுமந்து வந்தது. வந்தவர் எவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. சாவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொன்னால், அந்த வீட்டுக்கு இன்னொரு சாவை வரச்சொன்ன மாதிரி. அந்தச் சோற்றில் வளர்ந்தவள் நான். அந்த நன்றி சாகும்வரை எனக்குப் போகாது. ஆனால் துவக்கைக் கட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "பன்னிக்குக் கட்டுனது மனுசனுக்குப் பட்டிருச்சு, விதி" என்றார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். நானும் சொல்லப் பழகினேன்.

என் மகள் நிரோஷாவுக்கு 'விதி' என்ற சொல்லே தெரியாது. அவளுக்குப் பதினேழு வயது. டேவனின் சாவுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நகரசபைக் கூட்டத்தில் போய் நின்று, கார் பார்க்குக்கு விளக்குப் போட வைத்தார்கள். துப்பாக்கிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுபோனார்கள். சனிக்கிழமைகளில் அந்தத் தாய்மாரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். எனக்குப் பயம்.

"படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கத்தினேன்.

"தாத்தாவ சுட்ட துவக்கு யாருதுன்னு யாராச்சும் கேட்டாங்களாம்மா?" என்றாள். நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முகம் வாடி வந்தாள். "மர்லீன் ஆன்ட்டி இனிக் கூட்டத்துக்கு வரமாட்டாங்களாம்மா. டேவனப் பத்தின கதைய நீங்களும் நம்பிட்டீங்களாம். அதான் ஒரு வார்த்த சொல்லாம எந்திரிச்சுப் போனீங்களாம். எதிர்வீடே அப்படின்னா ஊரு என்ன நினைக்கும்னு கேக்குறாங்க."

 அப்போதே மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன். என் ஆங்கிலம் நின்ற இடங்களில் நிரோஷா கைகொடுத்தாள். வழக்கத்தைச் சொன்னேன். அதைச் சொல்ல அப்பாவின் கதையையும் சொல்லவேண்டியிருந்தது. இந்த நாட்டில் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். 

"துவக்கு யாருடையது?" என்றாள் மர்லீன்.

"தெரியாது. நாங்கள் கேட்கவில்லை."

அவள் என் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுக்கு வரக்கூடாதது ஏற்கெனவே வந்துட்டுது. நீங்க திரும்பி வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கு அது வேணும்."

மறுநாள் நாங்கள் மூவருமாகக் கூட்டத்துக்குப் போனோம். அந்த வாரமே நாவுலையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு போன் எடுத்து, இன்னும் அங்கே துவக்கு கட்டுகிறார்களா என்று கேட்டேன். "கட்டுறாங்கதான். ஏன் இப்ப கேக்குறீங்கக்கா?" என்றான். இவ்வளவு காலம் கேட்காததற்காகத்தான் என்றேன். கேட்கக் கற்றுத்தந்த இந்தப் பிள்ளைகளுக்கு நான் கடமைப்பட்டவள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, மர்லீனின் வாசலில் நெடுநேரம் நின்றேன். ஒரு கால் அவள் வீட்டுக்குள், ஒரு கால் வெளியே. லயத்துச் சனம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்றது. மர்லீன் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"போயிட்டு வர்றேன்" என்று தமிழிலேயே சொன்னேன். அவள் தலையாட்டினாள். என் வலது கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.