எட்டு மணி நேரம் மூடியிருந்த அறை

கோமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. "காத்தைச் சோதிக்கிற வேலை" என்பாள். "வண்டிப் புகையா?" என்பார்கள். வண்டி இல்லை, வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் இருக்கிற காற்று என்றால், அதில் சோதிக்க என்ன கிடக்கிறது என்று சிரித்துவிட்டுக் காப்பி டம்ளரை எடுத்துக்கொள்வார்கள். முப்பது வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பழகியவள் அவள். சிரித்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கொல்கத்தாவின் பெஹாலாவில் டைமண்ட் ஹார்பர் சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்த ஆய்வுக்கூடம். உள்ளே எவர்சில்வர் தகட்டால் ஆன இரண்டு பெட்டிகள். ஒன்று பீரோ அளவு, இன்னொன்று ஒரு சின்ன அறையளவு. சேம்பர் என்பார்கள். புதுப் பலகை, பெயிண்ட், தரைவிரிப்பு, பசை என்று கட்டட வேலைக்கு வருகிற எதையும் அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். சூடு இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று கணக்காக வைத்து, ஒரு பக்கம் சுத்தமான காற்றை உள்ளே விட்டு, மறுபக்கம் வெளிவருவதைச் சின்னக் குழாய்களில் பிடிப்பாள். பார்க்கச் சாதுவாக நிற்கிற மேஜை சத்தமில்லாமல் எதைக் கக்குகிறது என்பதை அந்தக் குழாய் சொல்லிவிடும். ஆபீஸ் சாமான்களும் வரும். காப்பியர் மெஷினை உள்ளே வைத்துப் பூட்டி, ஐந்நூறு தாள் ஓடவிட்டு, அது கிளப்புகிற ஓசோனையும் கண்ணுக்குத் தெரியாத தூசியையும் எண்ணுவாள்.

சில நாள் காற்றை இழுத்துக் குழாயில் பிடிக்கிற பம்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ்களுக்கே போக வேண்டியிருக்கும். அதற்கு ஒரு விதி உண்டு. காற்றை எடுப்பதற்கு முன்பு எட்டு மணி நேரம் அறையின் கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்க வேண்டும். இதில் கோமதி ஈவிரக்கம் பார்க்க மாட்டாள். பவானிபூரில் ஓர் ஆபீசில் பெரிய பாபு, அதாவது தலைமைக் குமாஸ்தா, மூச்சு முட்டுகிறது என்று ஒரே ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார். "நாளைக்கு வரேன்" என்று பம்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரிய பாபு டாக்சி வரைக்கும் பின்னாலேயே வந்தும் அவள் மசியவில்லை.

கூட வேலை செய்கிறவர்கள் அவளை 'நாக் தீதி' என்றார்கள். வங்காளத்தில் நாக் என்றால் மூக்கு, தீதி என்றால் அக்கா. மெஷின் சொல்வதற்கு முன்னாலேயே மோந்து பார்த்து, "இது கார்பெட் பசை, இது மட்டமான பலகை" என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதே இல்லை. ஷிங்காரா என்கிற வங்காளத்துச் சமோசாவுக்குப் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் அந்த ஆய்வுக்கூடத்தில் நிறையப் பேர்.

அந்த மூக்கு இரண்டாயிரத்து இருபத்தொன்றில், கொரோனா வந்து போன பிறகு, திரும்பி வரவே இல்லை. ஒரு மாதம் பார்த்தாள், ஒரு வருஷம் பார்த்தாள். மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேலையில் திரையில் எண் வந்த பிறகு வாய் திறந்தாள். வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தால் புருஷன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூக்குப் போனதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். முப்பது வருஷம் ஒரே ஒரு காரியத்துக்காகப் பாராட்டப்பட்டவளைப் போய்க் கேளுங்கள்.

புருஷன் ஜம்புநாதன் கிடர்பூர் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். ஒரே மகள் பூர்ணிமா, துர்காபூரில் புருஷனோடு இருந்தவள், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்று ஜம்புநாதன் தலைகால் புரியாமல் அலைந்தார். பின்கட்டு அறையை மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என்று ஒதுக்கி, தச்சு மிஸ்திரியை வரவழைத்து, ஒரு சுவர் முழுக்க அலமாரி, கட்டில், பிள்ளைக்குத் துணி மாற்ற ஒரு மேஜை, எல்லாம் ஒரே பலகையில் போடவைத்தார். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. அதற்குப் பொருத்தமாகச் சுவரில் ரோஜா நிறப் பெயிண்டும் அடித்தார். வேலை முடிந்தது நவம்பர் கடைசியில், பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு.

ஆய்வுக்கூடத்துக் கதைகளைக் காதில் போட்டுக்கொண்டே காலம் தள்ளியவர் அல்லவா, அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது.

"கோமதி, ஒரு தடவ உள்ள வந்து மோந்து பாத்துச் சொல்லிரு. எனக்கு என்னமோ நெடி அடிக்கிற மாதிரி இருக்கு. உன் மூக்கு சரின்னா எனக்கு எல்லாம் சரி" என்றார்.

கோமதி அறை நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். வாசலில் புருஷன் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். பின்னால் பூர்ணிமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல. புது மரவாசன. ரெண்டு நாள்ல போயிரும்" என்றாள் கோமதி.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த அறைக்கு வந்தார்கள். டிசம்பர் மாதம். பச்சை உடம்புக்காரி மேல் காற்றுப் படக்கூடாது என்று ஜம்புநாதன் ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய செய்தித்தாளைத் திணித்தார். குளிரென்றால் கொல்கத்தாக்காரர்களுக்கு உயிர் பயம். பக்கத்து வீட்டு அண்ணி, மேக்னா பௌதி, குழந்தையைப் பார்க்க வந்தவள், "டாண்டா லேகே ஜாபே, சளி பிடிச்சிரும்" என்று பதறி, தன் வீட்டு ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். காற்று விஷயத்தில் திருநெல்வேலியும் வங்காளமும் இப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் குளிப்பாட்டியதும் சாம்பிராணி. பிறகு பகல் முழுக்க மூடிய கதவு, மூடிய ஜன்னல், ஹீட்டர், சுவர் முழுக்கப் புதுப் பலகை. ஆய்வுக்கூடத்தில் கோமதி எதைத் தினமும் தன் கையால் செய்கிறாளோ, அதே ஏற்பாடு வீட்டில் யாரும் சொல்லாமலே அமைந்துவிட்டது. உள்ளே இருந்தது மகளும் பேத்தியும்.

பத்தாம் நாள் குழந்தை இருமியது. கண் ஓரம் சிவந்து நீர் கோத்தது.

"மா, தேக்கோ, பாப்பா கண்ணு பூரா செவந்திருக்கு. எனக்கும் தொண்டை கரகரன்னு இருக்கு" என்றாள் பூர்ணிமா. சளி என்று முடிவாகி, ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரிடம் போனார்கள். நிதானமான வங்காளிப் பெண்மணி. மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதுண்டா, சாம்பிராணி போடுகிறீர்களா என்று விசாரித்தார். சாம்பிராணியை உடனே நிறுத்தச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "புதுசா பெயிண்ட், மரவேலை ஏதாவது?"

ஜம்புநாதன் முந்திக்கொண்டார். "இருக்கு டாக்டர். ஆனா அதுல பயமே இல்ல. என் வீட்டுக்காரிக்கு வேலையே அதுதான். அவ பாத்துச் சரின்னு சொல்லிட்டா."

டாக்டர் மரியாதையோடு கோமதியைப் பார்த்தார். கோமதி தலையை ஆட்டினாள். டாக்டர் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டு, தொற்றாக இருக்கலாம் என்று மருந்து எழுதினார்.

அன்றிலிருந்து சாம்பிராணி கிடையாது. மறுநாள் காலை குழந்தையைத் தூக்க அறைக்குள் போன கோமதிக்குக் கண் எரிந்தது. இதுவரை புகை என்று நினைத்திருந்த எரிச்சல். இன்று புகை ஏது? மூக்குச் செத்தாலும் கண்ணுக்கு உயிர் இருக்கிறது அல்லவா. பலகைப் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு வாயு கண்ணை எப்படிப் பிடிக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதே குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். நானானால் ஓடியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். அவள் ஓடவில்லை. ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் மூக்கைச் சொல்ல வேண்டும், கண் எரிந்தது என்றால் யார் நம்புவார்கள், எண் கையில் வரட்டும், ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு வழி செய்துகொண்டாள். எண் வராமல் வாய் திறக்காத பழக்கம் மூன்று வருஷத்தில் எலும்பு வரைக்கும் ஊறியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது மகளிடம் சொன்னாள். "ஜன்னல், கதவு எல்லாம் நல்லா மூடியே இருக்கட்டும் பூர்ணி. நான் சாயங்காலம் வர்ற வரைக்கும் தொறக்காத. கதவு தொறந்தாலும் ஒடனே சாத்திரு."

பூர்ணிமா சொன்னபடி செய்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோமதி பம்போடு வந்தாள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். "ரிப்பேர் பாத்த பம்ப். ஓடுதான்னு பாக்கணும்" என்று இன்னொரு பொய். வழக்கமாக அதை நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கு உயரத்துக்கு ஸ்டூலில் வைப்பாள். அன்று குழந்தையின் தலையணை உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தாள். அரை மணி நேரம். பம்ப் மெல்ல ரீங்காரமிட்டது. குழந்தை பக்கத்தில் இருமிக்கொண்டே இருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கோமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிஷம் ஆனபோது பூர்ணிமா கதவுப் பக்கம் எழுந்து போகப் பார்த்தாள். "இரு, இன்னும் பத்து நிமிஷம்" என்று கோமதி தன்னை அறியாமல் அதட்டினாள்.

முடிந்ததும் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாள். சிறிது நேரத்தில் ஜம்புநாதன் வந்து, "பனி இறங்குது, என்னத்துக்குத் தொறந்த?" என்று சாத்தினார். கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில், குழாயில் பிடித்ததைக் கரைத்து மெஷினில் ஏற்றினாள். திரையில் கோடு தரையோடு ஊர்ந்து போய், ஃபார்மால்டிஹைடு வர வேண்டிய இடத்தில் செங்குத்தாக எழுந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் நூறு மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. வந்திருந்தது நானூற்று அறுபத்திரண்டு. எத்தனையோ ஆபீஸ்களுக்கு அறிக்கை எழுதியிருக்கிறாள். இந்த அளவை ஒரு வீட்டுக்குள் அவள் கண்டதில்லை. தாளை அச்சிட்டுக் கையில் எடுக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"பாப்பா பால் குடிக்க மாட்டேங்குது கோமதி. உதடு ஒரு மாதிரி நீலமா இருக்கு. ஆட்டோல போய்க்கிட்டு இருக்கோம், நீ வந்துரு" என்றார் ஜம்புநாதன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. இந்தப் பக்கம் அதே டாக்டர், ஜம்புநாதன், சுவரில் சாய்ந்து பூர்ணிமா. கோமதி தாளை நேராக டாக்டரிடம் நீட்டினாள். அறையின் காற்று, நேற்று எடுத்தது, பலகையிலிருந்து வருவது என்று வங்காளத்தில் சொன்னாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இது முன்பே தெரிந்திருந்தால் குழந்தையை அன்றைக்கே அந்த அறையைவிட்டு எடுக்கச் சொல்லியிருப்பேன் என்றார். இப்போது எதுவும் சொல்வதற்கில்லை, இரண்டு மூன்று நாள் போகட்டும் என்று உள்ளே போய்விட்டார்.

ஜம்புநாதனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஆனா நீ மோந்து பாத்தியே? மரவாசனன்னு சொன்னியே?"

"எனக்கு வாசனையே தெரியாதுங்க. கொரோனாவுல போனது. திரும்ப வரல" என்றாள் கோமதி.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நெடி அடித்ததை மோந்தவர் அவர்தான். அவள் மூக்கை நம்பித் தன் மூக்கை அடக்கிவைத்த மனுஷன். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு விசும்பினார். கோமதி அவர் தோளைத் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

பூர்ணிமா அழவில்லை. கண்ணாடியை விட்டுத் திரும்பி, ஏதோ கணக்குப் போடுகிற முகத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

"நேத்து காலைல போறப்போ ஜன்னல் கதவெல்லாம் மூடியே வை, தொறக்காதன்னு சொன்னியே மா. கேனோ? அது எதுக்கு?"

கோமதியின் வாயில் இந்தத் தடவை பொய் எதுவும் வரவில்லை. "எட்டு மணி நேரம் மூடியிருந்தாத்தான் அளவு சரியா வரும்" என்றாள்.

"வந்துச்சா?" என்று கேட்டாள் பூர்ணிமா.