எதிரிக்குப் பேண்டேஜ் கிடையாது

பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றால் கதை சொல்ல வேண்டும். செட்டியார்பட்டிப் பக்கம் எங்கள் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த சங்கையா அண்ணன் சொல்லவே இல்லை. இலங்கைக்குப் போன படையில் இருந்துவிட்டுத் தொண்ணூறில் ஊர் திரும்பியவர். "எத்தன பேரச் சுட்டிய?" என்று கேட்டால் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட ஆரம்பித்துவிடுவார். கூடத் தறி ஓட்டும் பால்பாண்டிக்கும் எனக்கும் எரிச்சலாக வரும். சமையல்கட்டில் இருந்திருப்பார் என்று பேசிக்கொள்வோம்.

ஒருநாள் அவர் மனைவி இருளம்மாள் மதினி என்னிடம் வந்து கண்கலங்கினார். "வந்து மூணு வருசமாச்சு தம்பி. ராவெல்லாம் முழிச்சுக்கிட்டே உக்காந்திருக்காவ. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. இப்பிடியே போனா மனுசன் எனக்கு மிஞ்ச மாட்டாவ."

ராஜபாளையத்தில் அப்போது ஒரு போர்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியில் எடுத்துத் தமிழ் பேச வைத்த படம். அதைப் பார்த்தாலாவது வாய் திறப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு இருவரையும் கூட்டிப் போனோம்.

கதாநாயகன் நெற்றியில் குண்டு உரசியதும் வெள்ளைக் கட்டுப் போட்டார்கள். நாங்கள் விசிலடித்தோம், எங்கள் தறித் துணி அல்லவா. எதிரிகள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஒருத்தனுக்கும் ஒரு முழத் துணி இல்லை. "எதிரிக்கெல்லாம் பேண்டேஜ் கிடையாதுலே" என்றான் பால்பாண்டி. கடைசியில், அடிபட்டுக் கிடந்த ஒரு எதிரி "தண்ணி, தண்ணி" என்று தமிழில் கெஞ்சினான். தியேட்டரே சிரித்தது. "ஏலே, இவன் நம்மூர்க்காரன்லே" என்று யாரோ கத்தினார்கள். கதாநாயகன் நீளமாக வசனம் பேசிவிட்டுச் சுட்டான். கைதட்டல் அடங்குவதற்குள் சங்கையா அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினோம். சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அண்ணன் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"நான் சுட்டவனும் தமிழ்லதான் கேட்டான். 'அண்ணே, தண்ணி'ன்னு. சின்னப் பய. வயித்துல குண்டு. எங்க பையில ஆளுக்கொரு கட்டு இருக்கும், நமக்கு அடிபட்டாக் கட்டிக்கிட. அதப் பிரிச்சு அவனுக்குக் கட்டினேன்."

"தண்ணி குடுத்தியளா?" என்று கேட்டார் மதினி.

"வயித்துல அடிபட்டவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. பொழச்சுக்கிடுவான்னு நெனச்சுக் குடுக்கல. விடியுற மட்டும் கேட்டுக்கிட்டே கெடந்தான். விடியவும் உசுரு போயிருச்சு. எம் பாட்டில்ல தண்ணி நெறைய இருந்துச்சு, இருளம்மா."

பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்றால், 'அண்ணே' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

கடைவீதியில் புருஷன் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மதினி அன்று பிடித்தவர், பஸ் வரும்வரை விடவில்லை.